பெரிய வீடும் ஊர் வாறுகாலும்

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்” என்பது நம் நாட்டுப் பழமொழி. இவ்விரண்டிலும் உள்ள சிரமம் யாவரும் அறிந்ததே. முன்னோர் கட்டி வைத்துச் சென்ற வீட்டைக் காத்துப் பார்ப்பது இவ்விரண்டினும் கடினமான காரியம் என்பதை அண்மையில் நாம் நேரில் உணர்ந்தோம்.

சென்ற ஐப்பசி மாதத்தில் எமது ஒன்றியத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர் அலுவலகத்திற்கு வந்தார். அவர் ஊராட்சி மன்ற உறுப்பினராக இருந்து ஊர் வேலைகளில் பழகியவர். “எங்கள் ஊர்ப் பெரிய வீட்டைப் பிரிக்கப் போகிறார்கள் ஐயா. தேக்குத் தூண்களுக்கு விலை பேசி முன்பணமும் கைமாறிவிட்டது. பிறர் வீட்டை விற்காதே என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனாலும் ஊரால் ஆகக்கூடியது ஏதேனும் உண்டா?” என்று கேட்டார்.

அவருக்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. செட்டிநாட்டில் இத்தகைய வீடுகள் சிலவற்றைச் செப்பனிட்டு, வெளியூர்ப் பயணிகளுக்கு இரவு தங்க இடமும் காலை உணவும் அளித்து, அவ்வருவாயைக் கொண்டே வீட்டைக் காத்து வருகிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது. நேரில் கண்டு வருவதே தக்கது என எண்ணி, அம்முதியவரையும், ஊர்ப்பணியில் ஆர்வமுள்ள விவசாயிகள் நால்வரையும், பொறியாளர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம். தங்கும் செலவை எங்களுக்குள் பங்கிட்டுக் கொண்டோம். அங்கே கண்டதையும் கற்றதையும் ஊராட்சியினரும் விவசாயிகளும் அறியுமாறு இங்கே எழுதுகிறோம்.

வீடுகள் எழுந்ததும் வெறிச்சோடியதும்

சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரு மாவட்டங்களில் பரந்து கிடப்பது செட்டிநாடு. நாட்டுக்கோட்டை நகரத்தார் முன்னாளில் 96 ஊர்களில் வாழ்ந்தனர் என்பது மரபு. இன்று 70-க்கும் மேற்பட்ட ஊர்கள் எஞ்சியுள்ளன. வானம் பார்த்த வறண்ட பூமி அது. அங்கு வாழ்ந்தோர் பர்மா, இலங்கை, மலேயா, இந்தோசீனா முதலிய நாடுகளுக்குக் கப்பலேறிச் சென்று கொடுக்கல் வாங்கல் தொழில் நடத்தினர். கீழ்ப் பர்மாவில் நெல் விவசாயம் பெருகியதற்கு அவர்கள் கொடுத்த கடன் பெருந்துணையாக இருந்தது. பொருள் அங்கே ஈட்டப்பட்டது; வீடு இங்கே கட்டப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 1930-கள் வரை பர்மாத் தேக்கும், இத்தாலியப் பளிங்கும், பெல்ஜியம் கண்ணாடியும், ஜப்பானியப் பூ ஓடும் கப்பலில் வந்திறங்கி, இச்சிற்றூர்களில் மாளிகைகளாக எழுந்தன.

பின்னர் காலம் மாறியது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியபோது பலர் சொத்துகளை விட்டுவிட்டு ஊர் திரும்பினர். 1948-இல் விடுதலை பெற்ற பர்மா, நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டத்தை இயற்றியது. 1963-இல் வங்கிகளும் நாட்டுடைமையாயின. வருவாய் நின்றது, வீடு நின்றுகொண்டே இருந்தது. பிள்ளைகள் படித்துப் பெருநகரங்களில் குடியேறினர். பாட்டனார் ஒருவர் கட்டிய வீட்டிற்குப் பேரன்மார் காலத்தில் பல பங்குகள் ஏற்பட்டன. பலருக்கும் உரிமையுடைய பொருளுக்குப் பொறுப்பாளர் ஒருவரும் இல்லை என்பது உலக இயல்பு. ஓடு நழுவியது, மழை இறங்கியது, உத்தரம் உளுத்தது. இறுதியில் தூணும் கதவும் தனித்தனியே விலைக்குப் போயின. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2014-ஆம் ஆண்டில் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம் பெற்றன. கானாடுகாத்தான், கோத்தமங்கலம், கடியாபட்டி, காரைக்குடி முதலிய இடங்களில் சில வீடுகள் விருந்தினர் தங்கும் இல்லங்களாக மாறின. இவற்றுள் பெருமுதலீட்டில் நடைபெறும் விடுதிகளும் உண்டு. ஒரு குடும்பம் தான் வாழும் வீட்டிலேயே சில அறைகளை ஒதுக்கி விருந்தினரை ஏற்கும் வகையும் உண்டு. சிற்றூர்களுக்கு ஏற்றது பின்னதே என்பதால், அத்தகைய வீடொன்றிலேயே நாம் தங்கினோம்.

வீட்டின் அமைப்பு

வாயிலில் ஆச்சியும் அவர் மகனும் நின்று “வாங்க” என்று கைகூப்பி அழைத்தனர். முகப்புத் திண்ணையைக் கடந்ததும் வளவு. நடுவே வானம் தெரியும் முற்றம், சுற்றிலும் தூண் வரிசை, அதன் பின்னே அறைகள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை என்பது அக்கால ஏற்பாடு. அதற்கப்பால் இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்கட்டு. முன்வாயில் ஒரு தெருவிலும் பின்வாயில் அடுத்த தெருவிலும் இருந்தன. முகப்பில் நின்று பார்த்தால் பின்வாயிலின் வெளிச்சம் நேர்கோட்டில் தெரிந்தது. வெப்பக் காற்று முற்றத்தின் வழியே மேலேறுகிறது, குளிர்ந்த காற்று வாயில்களின் வழியே உள்ளே வருகிறது. அன்றிரவு எங்கள் அறையில் மின்விசிறியையும் நிறுத்திவிட்டே உறங்கினோம்.

சுவர்கள் பளிங்கு போல வழுவழுப்பாக இருந்தன. சுண்ணாம்புடன் மணலும், கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரும் சேர்த்து அரைத்துப் பல படலங்களாகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டையின் வெண்கருவைச் சேர்த்துத் தேய்த்த சுவர்கள் அவை. தரையில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடிப் பலகையின் மீது அச்சுச் சட்டத்தை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊற வைத்து உலர்த்தும் கல் இது. சூளை வேண்டுவதில்லை, விறகும் வேண்டுவதில்லை. ஆத்தங்குடியில் இன்றும் கையாலேயே செய்கிறார்கள்.

பழைய அறைக்குப் புதிய வசதி செய்த முறையும் கவனிக்கத்தக்கது. கழிப்பறையையும் குளியலறையையும் பழைய சுவரை உடைத்துச் செருகாமல், முன்பு பாத்திரம் பண்டம் வைத்திருந்த சிறு அறைகளில் அமைத்துள்ளனர். மின்கம்பிகள் அனைத்தையும் மாற்றியுள்ளனர். இவ்விரண்டிற்குமே பெருஞ்செலவு ஆயிற்று என்று ஆச்சியின் மகன் கூறினார்.

இரவில் பெய்த மழை

இரவு உணவு முடிந்து படுத்த சிறிது நேரத்தில் நல்ல மழை பிடித்தது. நான்கு புறத்துக் கூரையிலிருந்தும் நீர் முற்றத்தில் விழும் காட்சியைக் காண அனைவரும் எழுந்து வந்தோம். மூலைகளில் வைத்திருந்த கிடாரங்கள் நிறைந்து வழிந்தன. மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழ்நாடு அரசு 2003-இல் கட்டாயமாக்கியது. இவ்வூரார் நூறாண்டுக்கு முன்பே அதைச் செய்து வைத்திருந்தனர்.

அரை மணி நேரம் சென்றதும் மகிழ்ச்சி கவலையாக மாறியது. முற்றத்து நீர் வடியவில்லை. அது ஏறி ஏறி, தூண்களின் கல் ஆதாரத்தை எட்டியது. வீட்டாரும் வேலையாட்களும் வாளிகளுடன் ஓடி வந்தனர். எங்களுடன் வந்த உறுப்பினர்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினர். நள்ளிரவு வரை நீரை மொண்டு பின்தெருவில் கொட்டினோம். கல்லுக்கு மேலே நிற்பது தேக்கு. தேக்கு உறுதியானதுதான், ஆனால் ஆண்டுதோறும் அடியில் ஈரம் நின்றால் எம்மரமும் தாங்காது.

“மழைத் தண்ணி வீட்டுக்குள்ள வர்றது லட்சுமி வர்ற மாதிரிங்க. வந்தவ வெளிய போற வழியத்தான் ஊரு அடைச்சுப்புட்டுது” என்றார் ஆச்சி. அவர் யாரையும் கடிந்து கூறவில்லை. ஆயினும் அச்சொல் நம் மனத்தில் தைத்தது.

விடிந்ததும் பொறியாளருடன் அந்நீரின் வழியே நடந்தோம். முற்றத்திலிருந்து தரைக்கடியில் செல்லும் கல் வடிகால் தெருவோர வாறுகாலில் சேர்கிறது. வாறுகால் தெருக்கோடியில் வரத்துக்காலாகி ஊரணியை அடைகிறது. வீட்டு வடிகாலில் குற்றமில்லை. தெருச் சாலையைப் பலமுறை புதுப்பித்தபோது பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுக்காமல் அதன் மீதே மீண்டும் மீண்டும் போட்டதால், சாலை ஏறக்குறைய ஒரு முழம் உயர்ந்திருந்தது. வாறுகாலின் மேல் வீட்டுக்கு வீடு சிமெண்டுச் சாய்தளம். அதன் அடியில் ஞெகிழிப் பைகள். வரத்துக்காலின் வாயில் கட்டட இடிபாடு. ஊரணியிலோ, அவ்வளவு மழைக்குப் பின்னும் பாதிப் படிகள் வெளியே தெரிந்தன. வீட்டிற்குள் வேண்டாத நீர் நிற்கிறது. வேண்டிய ஊரணிக்கோ நீர் இல்லை.

இதை எண்ணிப் பாருங்கள். 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர். 500 சதுர மீட்டர் கூரையில் 40 மில்லிமீட்டர் மழை பெய்தால் 20,000 லிட்டர். அத்தகைய வீடுகள் ஒரு தெருவில் இருபது இருந்தால், ஒரே இரவில் 4 லட்சம் லிட்டர். ஊரணிக்குச் செல்ல வேண்டிய அவ்வளவு நீரும் சுவர்களுக்கு அடியில் நின்றால் வீடு என்னாகும்?

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஊரின் சாலையைக் குறை கூறும் தகுதி நமக்கு இல்லை. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே போடும் மதிப்பீடுகளில் நாமும் கையொப்பமிட்டிருக்கிறோம். வேலை விரைவாக முடியும், அளவும் சரியாக இருக்கும். தெருவை விடத் தாழ்ந்துபோன வாசல்களைப் பற்றி அப்போது நாம் எண்ணவில்லை. பெரிய வீட்டைக் காக்க ஊரால் ஆகக்கூடியது என்ன என்ற கேள்விக்கு விடை அவ்வாறுகாலிலேயே கிடைத்தது.

விருந்தினர் தரும் பணம் எங்கே செல்கிறது?

காலை உணவில் இட்லியுடன் வெள்ளைப் பணியாரமும், கந்தரப்பமும், கவுனி அரிசியும் பரிமாறினர். அரிசியும் கறிகாயும் எங்கிருந்து வருகின்றன என்று விசாரித்தோம். பாலும், வாழையிலையும், கீரையும், தேங்காயும் சுற்றுப்புற விவசாயிகளிடமிருந்தே வருகின்றன. சமையலுக்கும் அறைகளின் துப்புரவிற்கும் அவ்வூர்ப் பெண்கள் நால்வர் சம்பளத்திற்கு இருக்கின்றனர். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாருக்கும், மரவேலை தெரிந்த தச்சருக்கும் ஆண்டுதோறும் வேலை உண்டு. விருந்தினர் ஊர் திரும்பும்போது பனையோலைக் கொட்டானும் கண்டாங்கிச் சேலையும் வாங்கிச் செல்கின்றனர். செட்டிநாட்டுக் கொட்டானுக்கு 2013-இலும், காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது.

அவ்வீட்டில் எங்களுடன் ஓய்வு பெற்ற ஆசிரியத் தம்பதியர் வேறு மாநிலத்திலிருந்து வந்து தங்கியிருந்தனர். இரண்டு நாள் தங்கும் எண்ணத்தோடு வந்தவர்கள் அவர்கள். காலையில் ஊரணிக் கரைக்கு உலவச் சென்றவர்கள், குப்பையும் நாற்றமும் தாங்காமல் உடனே திரும்பி, அன்று மாலையே புறப்பட்டுவிட்டனர். முதல் இரவுக்கு விருந்தினரை அழைத்து வருவது வீட்டின் அழகு. இரண்டாவது இரவுக்கு அவரை நிறுத்தி வைப்பது ஊரின் ஒழுங்கு. அந்த இரண்டாவது இரவில்தான் வீட்டாருக்கும் பால்காரருக்கும் கீரை விற்பவருக்கும் உண்மையான இலாபம் இருக்கிறது.

வீட்டார் அறிய வேண்டியவை

முதலாவதாக, உரிமை தெளிவாக இருக்க வேண்டும். பங்காளிகள் அனைவரும் எழுத்து மூலம் இசைந்து, செலவும் வரவும் எவ்வாறு பங்கிடப்படும் என்பதை முன்பே முடிவு செய்தல் நன்று. இது இல்லாமல் செங்கல் ஒன்றையும் அசைக்கக் கூடாது.

இரண்டாவதாக, பதிவு. மத்திய சுற்றுலா அமைச்சகம் வகுத்த இல்லத் தங்கல் திட்டப்படி, ஒரு வீட்டில் 1 முதல் 6 அறைகள் வரை, மொத்தம் 12 படுக்கைகளுக்கு மிகாமல் விருந்தினருக்கு விடலாம். உரிமையாளர் குடும்பம் அவ்வீட்டிலேயே வாழ வேண்டும். வசதியைப் பொறுத்துத் தங்கம், வெள்ளி என இரு தரங்கள் உண்டு. மாவட்டச் சுற்றுலா அலுவலரை அணுகினால் விண்ணப்ப முறையைக் கூறுவார். உணவளிப்போர் உணவுப் பாதுகாப்புத் துறையிலும் பதிவு செய்துகொள்ள வேண்டும். அயல்நாட்டார் தங்கினால் 24 மணி நேரத்திற்குள் உரிய படிவத்தில் தகவல் தெரிவித்தல் கட்டாயம்.

மூன்றாவதாக, பழுதுபார்க்கும் முறை. சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டைப் பூசாதீர்கள். சுண்ணாம்பு தான் வாங்கிய ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்டு அதை உள்ளேயே அடைத்து வைக்கும். சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும், உள்ளிருக்கும் செங்கல்லும் கரையும். சுண்ணாம்பிற்குச் சுண்ணாம்பே மருந்து.

நான்காவதாக, எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய முனைய வேண்டாம். முதலில் கூரை, அடுத்து வடிகால், அதன் பின் கழிப்பறை, மின்கம்பி, இறுதியில் வண்ணமும் அழகும். இரண்டு அறைகளில் தொடங்கி, வரும் வருவாயைக் கொண்டு மூன்றாவது அறையைச் செப்பனிடுதல் கடனில்லா வழி. எல்லாப் பெரிய வீடுகளுக்கும் விருந்தினர் வந்துவிடுவார்கள் என்று எண்ணுவதும் தவறு. நல்ல சாலையும், அருகில் கோயிலோ கைத்தொழிலோ வேறு காட்சியோ இல்லாத இடத்தில், அவ்வீடு நூலகமாகவோ பயிற்சிக் கூடமாகவோ பயன்படக் கூடும்.

ஊராட்சி செய்ய வேண்டியவை

1. ஊரில் நீர் எவ்வழியே ஓடியது என்பதை அறிந்த முதியவர்களுடன், மழைக்காலத்திற்கு முன் ஒருமுறை கூரை முதல் ஊரணி வரை நடந்து பாருங்கள். அடைபட்ட இடங்களைக் குறித்துக் கொள்ளுங்கள்.

2. சாலை புதுப்பிக்கும் மதிப்பீட்டில், பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுக்கும் வேலை சேர்ந்துள்ளதா என்று கேளுங்கள். வீட்டு வாசலின் மட்டத்திற்கு மேல் தெரு ஏறக் கூடாது.

3. வாறுகாலின் மேல் சாய்தளம் அமைக்க விரும்புவோர், தூக்கி எடுக்கக் கூடிய பலகைக் கற்களைப் பயன்படுத்தச் செய்யுங்கள்.

4. ஊரணியையும் அதன் வரத்துக்காலையும் ஒன்றாகவே திட்டமிடுங்கள். வரத்துக்காலைத் தூர்வாராமல் ஊரணியை மட்டும் ஆழப்படுத்துவது வாய் கட்டிய குடத்தைப் பெரிதாக்குவது போன்றது.

5. வீட்டிலிருந்து வரும் கழிவுநீர் வாறுகாலில் கலக்காமல் தனித் தொட்டிக்குச் செல்கிறதா என்று கவனியுங்கள். விருந்தினர் இல்லம் ஊர்க் கிணற்றைக் கெடுக்குமானால் அது நமக்கு வேண்டாம்.

6. கிராம சபையில் இப்பொருளை வையுங்கள். விருந்தினர் வருகையை ஊர் ஏற்கிறதா, கோயில் விழாவிலும் வீடுகளிலும் அவர்கள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும், வேலை செய்யும் பெண்களுக்கு நியாயமான கூலி என்ன என்பவற்றை ஊரே பேசி முடிவு செய்யட்டும். நம் ஊர் வேடிக்கைப் பொருளாகிவிடக் கூடாது.

7. விவசாயிகள் தனித்தனியே காய்கறி கொண்டு செல்வதை விட, மகளிர் குழு வழியாக நாள்தோறும் ஒரே விலையில் கொடுக்க ஏற்பாடு செய்தால் இரு தரப்புக்கும் நன்மை.

இவற்றுள் முதல் ஐந்தும், விருந்தினர் எவரும் வராவிட்டாலும் ஊர் தனக்காகச் செய்துகொள்ள வேண்டியவையே என்பதை உற்று நோக்குங்கள்.

முடிவுரை

ஊர் திரும்பிய பின் அம்முதியவர் வாளாவிருக்கவில்லை. பெரிய வீட்டுப் பங்காளிகளிடம் சென்று தாம் கண்டவற்றைக் கூறினார். பின்னர் ஊராரைக் கூட்டி, பெரிய வீட்டுத் தெருவின் வாறுகாலை ஊரணி வரை வெட்டித் திறக்கச் செய்தார். கார்த்திகை மழையில் அவ்வீட்டு முற்றத்து நீர் வடிந்தோடி ஊரணியில் விழுந்ததைத் தெருவே கூடி நின்று பார்த்தது. பங்காளிகளில் இருவர் மனம் மாறி, வியாபாரியிடம் பெற்ற முன்பணத்தைத் திருப்பித் தர இசைந்தனர். மூன்றாமவர் இன்னும் இசையவில்லை. அவருக்கு மகள் திருமணச் செலவு இருக்கிறது. அவரைக் குறை கூறுவதற்கில்லை. அவர் பங்கிற்குரிய தொகையை மற்ற இருவரும் தவணையில் தர முடியுமா என்று பேச்சு நடக்கிறது. வீடு நிற்குமா, நிற்காதா என்பது இதை எழுதும் நாளில் முடிவாகவில்லை.

ஆயினும் ஊர் தன் பங்கைச் செய்துவிட்டது. வாறுகால் திறந்திருக்கிறது, ஊரணியில் நீர் நிற்கிறது. உங்கள் ஊரிலும் ஒரு பெரிய வீடு இருக்கலாம். அடுத்த மழை பெய்யும் நாளில் குடையை எடுத்துக்கொண்டு போய், அதன் முற்றத்து நீர் எங்கே செல்கிறது என்று பாருங்கள்.